ஆல்பா சென்டாரி: கிராலரை உடைத்துப் பெறுவது ஆராய்ச்சி வெற்றியா?

குடந்தைக்காரன்:
புதிய கோளில் குடியேறிய அணிகள் போட்டியிடும் ஆல்பா சென்டாரி கணினி ஆட்டத்தைப் பற்றி மன்னைவாசி இன்னோர் இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "ஆராய்ச்சி வெற்றி கோழைகளின் வழி. சகாரோவின் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து டர்னை முடித்துக்கொண்டே போனால் அது தானாக வந்து சேரும். கடைசியில் கிராலர்களை, அதாவது வளம் சுமக்கும் வண்டிகளை, உடைத்துத்தான் வெற்றித் திட்டத்தைக் கட்டுகிறார்கள், அதில் ஆராய்ச்சி எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

1999இல் வெளிவந்த ஆட்டத்தை இன்றும் ஆடிக்கொண்டிருப்பவர் இப்படி எழுதலாமா? பல்கலைக்கழக அணியின் தலைவர் சகாரோவுக்கு ஆராய்ச்சியில் கூடுதல் 2 உண்டு, ஒவ்வொரு தளத்திலும் ஆராய்ச்சியைக் கூட்டும் நெட்வொர்க் நோடு இலவசமாகக் கிடைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதே சகாரோவுக்கு வேவுப் படையைத் தடுக்கும் திறன் 2 குறைவு என்பதையும், நான்கு குடிமக்களுக்கு ஒருவர் வீதம் கூடுதலாகக் கலகக்காரர் முளைப்பார் என்பதையும் அவர் ஏன் எழுதவில்லை? அறிவு என்னும் சமூக விழுமியத்தைத் தேர்ந்தெடுத்தால் வேவுத் தடுப்பு மேலும் 2 குறையும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நூலகம் நடத்துகிறவன் மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

மன்னைவாசி:
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கட்டி முடிப்பவருக்கு வெற்றி தரும் கடைசித் திட்டமான அசென்ட் டு டிரான்செண்டென்ஸின் விலை 200 வரிசைக் கனிமம். தொழில் அளவு சுழியமாக இருந்தால் வரிசைக்கு 10 வீதம் 2000 கனிமம். அதைச் சோதனைக்கூடம் தருவதில்லை. எந்தப் பல்கலைக்கழகக்காரரும் சாதாரண கிராலர்களை மலையாகக் குவித்து வைத்து, கைக்காசைக் கொட்டி அவற்றின் தரத்தை உயர்த்தி, பிறகு திட்டத்துக்குள் உடைத்துப் போடுகிறார். இதை ஆராய்ச்சி வெற்றி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இல்லையா? நான் இறைநம்பிக்கையாளர் அணியின் தலைவி மிரியமை வைத்து ஆடுகிறேன். ஆராய்ச்சியில் 2 குறைவு, தாக்குதலில் 25 விழுக்காடு கூடுதல். வேண்டிய அறிவை எதிரியின் தளத்தைப் பிடித்து எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

குடந்தைக்காரன்:
கிராலர் எங்கிருந்து வந்தது? இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷனை ஆராய்ந்து அறிந்த பிறகுதான் அது கிடைக்கிறது. மற்ற அலகுகளைக் கலைத்தால் கனிமத்தில் பாதிதான் திரும்பும், கிராலரை ஒருவர் மட்டுமே கட்டக்கூடிய ரகசியத் திட்டத்தில் சேர்த்தால் முழு மதிப்பும் சேரும் என்பது ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் அறிந்து வைத்த விதி.

அது ஏன் தேவைப்படுகிறது என்பதைத்தான் மன்னையார் உணர மறுக்கிறார். த்ரெஷோல்ட் ஆஃப் டிரான்செண்டென்ஸ் என்ற தொழில்நுட்பத்தை அறிந்ததும் முதலில் வாய்ஸ் ஆஃப் பிளானட் என்ற திட்டத்தைக் கட்ட வேண்டும். அதை நான் கட்டி முடித்த கணத்தில், அந்த அறிவைப் பெற்றிருக்கும் எதிரிக்கும் அசென்டைத் தொடங்கும் உரிமை வந்துவிடுகிறது. நான் திறந்த வாசலில் இன்னொருவர் முந்திக்கொண்டு நுழையலாம். அதனால்தான் வாய்ஸ் முடிவதற்கு முன்பே கிராலர்களைச் சேர்த்து வைக்கிறேன். பல டர்ன்களுக்கு முன்னால் இதைக் கணித்துத் திட்டமிடுவதுதான் இந்த வெற்றியின் உயிர்.

ஆற்றலைப் பங்கிடுவதும் அப்படித்தான். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் நீரைப் பிரிப்பதைப் போல, கருவூலத்துக்கும் சோதனைக்கூடத்துக்கும் மக்களின் மனநலத்துக்கும் ஒவ்வொரு டர்னிலும் பிரித்தாக வேண்டும்.

கடைமடையான்:
இருவரும் முதலில் "ஆராய்ச்சி வெற்றி" என்றால் என்ன என்பதை வரையறுத்துக்கொண்டால் நல்லது. அறிவைப் பெறுவதா, அறிவைக் கொண்டு கட்டி முடிப்பதா?

குடந்தையார் கல்லணையைச் சொன்னதால் ஒன்றையும் சொல்கிறேன். பிரித்துவிட்டால் போதாது, போய்ச் சேர வேண்டும். கடைமடையான திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து பாருங்கள், புரியும். தலைமையகத்திலிருந்து தொலைவில் இருக்கும் தளங்களில் ஆற்றல் வீணாகிறது. செயல்திறன் அளவு குறைவாக இருந்தால் கடைசித் தளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் எழுதுவதெல்லாம் தலைமடைக்காரரின் கணக்கு.

குடந்தைக்காரன்:
அறிவு விழுமியம் செயல்திறனையும் 1 உயர்த்துகிறது என்பதைக் கடைமடையார் மறந்துவிட்டார். என் கணக்கில் கடைசித் தளமும் இருக்கிறது. குடந்தையில் இருப்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தெரியாது என்ற பழைய பேச்சை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கடைமடையான்:
பழைய பேச்சு இல்லை. ஆண்டுதோறும் நடப்பது.

மன்னைவாசி:
தண்ணீர் வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள். கிராலர் ஆராய்ச்சியில் கிடைத்தது, ஆகவே கிராலரை உடைப்பதும் ஆராய்ச்சி என்றால், என் துப்பாக்கியும் ஆராய்ச்சியில் கிடைத்ததுதான். என் படையெடுப்பையும் ஆராய்ச்சி வெற்றி என்று ஒத்துக்கொள்வீர்களா?

தஞ்சாவூரில் நண்பர் வீட்டில் நாம் சேர்ந்து ஆடிய ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் நான்கு தளங்களில் என் வேவுப் படை புகுந்து அறிவை அள்ளியபோது, "இது முறையான ஆட்டமில்லை" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் நீங்கள்.

குடந்தைக்காரன்:
எழுந்தது உண்மை. எழுந்ததற்குக் காரணம் வேறு. ஹண்டர்-சீக்கர் அல்காரிதம் என்ற திட்டம் முடிய ஒரு டர்ன் இருந்தபோது, மின்சாரம் போய்விட்டது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தியவர் மன்னையார். தானாகச் சேமித்த கோப்பிலிருந்து தொடரலாம் என்று நான் கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அந்தத் திட்டம் முடிந்திருந்தால் அவருடைய வேவுப் படை ஒன்றுகூட என் எல்லைக்குள் செல்லுபடியாகியிருக்காது.

நாகை அலை:
நான் இயற்கையைப் போற்றும் கையா அணியின் தலைவி டீர்ட்ரேவை வைத்து ஆடுபவள். "மூலையில் உட்கார்ந்து" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சோதனைக்கூடத்துக்கு ஆற்றல் வேண்டுமென்று தடையில்லாச் சந்தையைத் தேர்ந்தெடுத்தால் கோளுடனான உறவு 3 குறைகிறது, காவல் 5 குறைகிறது. கனிமத்துக்காகப் போர்ஹோல் என்னும் ஆழ்துளைகளைத் தோண்டிக்கொண்டே போனால் கோளின் பூஞ்சை வெடித்துப் பரவி, மனத்தைத் தாக்கும் மனப்புழுக்கள் தளத்தின் வாசலுக்கே வந்துவிடுகின்றன. கோளே எதிரியாகிற ஆட்டத்தில் பாதுகாப்பான மூலை என்று ஒன்று கிடையாது.

குடந்தைக்காரன்:
சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நாகை அலை:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. உங்கள் பதிவுகளில் கோள் என்ற பேச்சே வரவில்லை. கிராலர், கிராலர் என்றே இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

குடந்தைக்காரன்:
கிராலரைப் பற்றிக் கேட்டவர் மன்னையார், அதனால் எழுதுகிறேன். மீண்டும் சொல்கிறேன். உலக ஆற்றல் சந்தையைக் கைப்பற்றிப் பொருளாதார வெற்றி பெறுபவரும் பணம் கட்டிவிட்டு 20 டர்ன் காத்திருக்கிறார். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. கவுன்சிலில் முக்கால் பங்கு வாக்கைத் திரட்டி உயர் தலைவராகும் அமைதிப்படை அணியின் லாலையும் யாரும் பழிப்பதில்லை. ஆராய்ச்சி வழியில் வந்தவனிடம் மட்டும் நீ கையால் கட்டினாயா, கிராலரால் கட்டினாயா என்று விசாரணை நடத்துவது என்ன நியாயம்? த்ரெஷோல்டை அறியாதவனிடம் ஆயிரம் கிராலர் இருந்தாலும் அசென்டில் ஒரு வரிசையைக்கூட நிரப்ப முடியாது. அறிவு முந்துகிறது, கனிமம் பின்தொடர்கிறது. இதற்கு மன்னையார் இதுவரை பதில் சொல்லவில்லை.

மன்னைவாசி:
பதில் சொல்லிவிட்டேன். அந்த அறிவை நான் திருடியும் பெறலாம். அறிவை நான் திருடி, கிராலரை நானும் உடைத்துக் கட்டினால், என் ஆட்டத்துக்கும் உங்கள் ஆட்டத்துக்கும் திரையில் தோன்றும் முடிவு ஒன்றுதான். ஆகவே வென்றது கிராலர், ஆராய்ச்சி இல்லை.

கடைமடையான்:
வரையறையைக் கேட்டேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.

குடந்தைக்காரன்:
திருடுவதற்கு அறிவு வேண்டுமானால் அதை முதலில் ஒருவர் ஆராய்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் சகாரோவ். மன்னையாருக்குத் துணிவிருந்தால் மிரியமை எடுக்கட்டும், மிகக் கடினமான டிரான்செண்ட் நிலையில் நான் பல்கலைக்கழகத்தை எடுக்கிறேன், கிராலர் தரத்தை உயர்த்துவதற்கு இருவருக்கும் தடையில்லை. இந்த முறை கோப்பு என் கணினியில் சேமிக்கப்படும்.

மன்னைவாசி:
கிராலரை உடைக்கக் கூடாது என்ற விதியோடு வருகிறேன். ஒத்துக்கொள்வீர்களா?

குடந்தைக்காரன்:
ஒத்துக்கொள்ள முடியாது. கிராலர் ஆட்டத்தின் விதி.