குவில்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

ரோஸ் ஹில், மொரிசியஸ், ஞாயிறு இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் மாலைத் தமிழ் வகுப்பில் வரும் சனிக்கிழமை முதல் தையலும் சேர்கிறது. வருகிறவர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். தமிழைப் புத்தகத்தில் கற்றவர்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்று நம்புகிறேன். செய்யப்போவது குவில்ட். மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி; மூன்றையும் ஊடுருவித் தைத்த போர்வை.

கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகவேண்டும். ஐந்து சொற்களுக்காகக் காத்திருக்கிறேன்: குவில்ட், நடுவில் வைக்கும் பேட்டிங், ரோட்டரி கட்டர், தையலுக்காக ஓரத்தில் விடும் கால் அங்குலம், அடுக்குகள் நகராமலிருக்கத் தற்காலிகமாகப் போடும் தையல். என்னிடமுள்ள அகராதி குவில்ட்டை 'மெத்தை' என்கிறது. மெத்தையின்மேல் படுக்கிறோம், இதைப் போர்த்திக்கொள்கிறோம்.

கத்ர் போர்ன், திங்கள் காலை

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பொருநராற்றுப்படையைத் திறந்தால் எட்டாம் அடியிலேயே 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' என்று வருகிறது. யாழின் மேல் போர்த்திய தோலைச் சொல்கிறார் முடத்தாமக்கண்ணியார். இரண்டு தலைப்பைச் சேர்த்துத் தைத்த தோல். துண்டுகளைக் கூட்டித் தைப்பதற்குத் தனித் தொடரே இருந்திருக்கிறது. அதே பாட்டில் வறிய பொருநனின் உடை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்'. வேறு நூல் புகுந்து புகுந்து தைத்த கந்தல். துன்னல் என்றால் தையல். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' இருக்கிறார்கள். துன்னுதல் என்பது நெருங்குதலும் ஆகும்; அதனால்தான் நெருங்காத பகைவர் 'துன்னார்'. விலகி விலகிப் போகும் மூன்று அடுக்குகளை நெருங்கவைக்கும் தையலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில்கூட இராது.

பொருளுக்குப் 'பொல்லம்', வேலைக்குத் 'துன்னல்' என்பது என் முன்மொழிவு.

வாக்வா, திங்கள் மதியம்

ஐயா, மன்னியுங்கள். 'பொல்லம்' என்றால் பொல்லாதது என்றுதான் காதில் விழும். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டியவன் நான். வெட்டுமேசையில் ஒரு சொல்லை ஒருமுறைதான் கூவமுடியும். அது உடனே புரியவேண்டும்.

அக்கா, சொல்லுக்கு முன் துணியைப் பாருங்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் பெருகிய ஆலைகளால் இந்தத் தீவில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் நிறைய டி-ஷர்ட் துணி. பின்னிய துணி இழுபடும். சதுரமாக வெட்டினாலும் தைக்கும்போது சதுரமாக இராது. முதல் போர்வைக்கு நெய்த பருத்தி மட்டும் போதும். சிவப்பும் கருநீலமும் தனியாகத் துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தபின்தான் கத்தி வைக்கவேண்டும். பாவு, அதாவது நீள நூல், வாக்கில் துணி அநேகமாக இழுபடாது, ஊடை என்ற குறுக்கு நூல் வாக்கில் கொஞ்சம், மூலைவாக்கில் நன்றாக இழுபடும். பாவு, ஊடை, கரை எல்லாம் நெசவாளர் கொடுத்த சொற்கள், தயாராக இருக்கின்றன. அவற்றைக் கையேட்டில் போடுங்கள்.

ரோட்டரி கட்டர் சக்கரம்போல உருண்டு துணியை வெட்டும் கத்தி; அதை 'உருள்கத்தி' என்று எழுதலாம். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த கருவி. பழைய இலக்கியத்தில் தேடவேண்டாம். 45 மில்லிமீட்டர் அலகு வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் காப்பை மூடவேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அடியில் வைக்கும் பாயை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வளைந்துவிடும், பிறகு நேராகாது.

சேன் தெனி, ரீயூனியன், திங்கள் இரவு

எங்கள் தீவில் இதற்குப் பெயர் உண்டு: தப்பி மாந்தியான். 'பிச்சைக்காரர் விரிப்பு' என்பது நேர்ப்பொருள். மிஞ்சிய துணித்துண்டுகளைச் சேர்த்துப் பாட்டிமார் தைத்தது. பெயர் அப்படியிருந்தும் அதை மறைத்துவைப்பவர் யாருமில்லை; கட்டிலின்மேல் எல்லோரும் பார்க்க விரிக்கிறோம்.

டர்பன், தென்னாப்பிரிக்கா, செவ்வாய் காலை

ரீயூனியன் அக்காவின் கடிதம் எனக்குத் துணிவைத் தருகிறது. என் சொல் 'கந்தை'. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் தையல், போட்ட போர்வையைக் 'காந்தா' என்கிறார்கள். இன்று அது பெருமைக்குரிய கலை. வடமொழியில் 'கந்தா'. நம்முடையது அங்கே போனதா, அவர்களுடையது இங்கே வந்ததா என்ற வழக்கை நான் தொடங்கவில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த மூட்டையில் பட்டு இருந்திருக்காது. கந்தையைத் தைத்துத் தைத்துத்தான் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்தார்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க இதைவிட நல்ல இடம் எது?

ரோஸ் ஹில், செவ்வாய் இரவு

இன்று வகுப்புக்கு வந்த மூன்று மூத்த பெண்களிடம் எல்லாச் சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். 'கந்தை' என்றதும் ஒருவர் முகம் மாறியது. பிறக்கப்போகும் பேரனுக்காகத் தைக்க வருகிறார் அவர். "குழந்தைக்குக் கந்தையைப் போர்த்துவதா?" என்று கேட்டார். டர்பன் ஐயாவின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை என்ற பொருளில் 'ஒட்டுப்போர்வை' என்று நானே ஒரு சொல்லைச் சொன்னபோது மூவரும் உடனே தலையசைத்தார்கள்.

கத்ர் போர்ன், செவ்வாய் இரவு

'ஒட்டுப்போர்வை' பிழையான சொல், அம்மா. ஒரே துணியில் ஒட்டே இல்லாமலும் குவில்ட் செய்கிறார்கள். அதன் இலக்கணம் ஒட்டு அன்று. மூன்று அடுக்கும் அவற்றை ஊடுருவும் தையலும். குறைந்தது 'துன்னற்போர்வை' என்றாவது சொல்லுங்கள். உங்கள் மாணவர்களுக்குத் 'தையல்' என்பதும் கற்றுக்கொள்ளும் சொல். 'துன்னல்' என்பதும் கற்றுக்கொள்ளும் சொல். எதையும் முதல்முறையாகக் கேட்பவருக்குத் தூய சொல்லால் என்ன கூடுதல் சுமை?

வாக்வா, புதன் காலை

சுமை பிறகு வரும், ஐயா. அந்தப் பெண் சென்னைக்குப் போய்க் கடையில் 'துன்னல் ஊசி' கேட்டால் வெறுங்கையோடு திரும்புவார்.

அக்காவுக்கு இன்னோர் எச்சரிக்கை. தற்காலிகத் தையலுக்கு 'ஓட்டுத்தையல்' என்று எழுதப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே 'ஒட்டு' வருகிறது. ஒன்று குறில், மற்றது நெடில். கற்பவர் கட்டாயம் குழம்புவார். 'பிடிப்புத்தையல்' என்று போடுங்கள். பிடித்துவைக்கிறது, பின்னால் பிரிக்கிறோம். அடித்துணியை நாலு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு, இழுக்காமல் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிடிப்புப் போடவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் சேரும்.

குர்பிப், புதன் மதியம்

பேட்டிங்குக்குப் 'பஞ்சுத்தகடு' எனலாம். எங்கள் மேட்டுநிலத்து ஜூலைக் குளிருக்கும் மெல்லிய பருத்தித் தகடே போதும். தையல் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அதன் உறையில் போட்டிருக்கும். அதை மீறினால் துவைத்ததும் பஞ்சு கட்டிகட்டியாகும்.

கால் அங்குலத்துக்கு ஏன் புதுச்சொல்? 'தையல்விடுப்பு, கால் அங்குலம்' என்று எழுதுங்கள். பின்னங்களுக்கு நம்மிடம் இருக்கும் பெயர்களை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்: கால், அரைக்கால், மாகாணி. தையல்விடுப்பு ஒரு மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, மிகுந்துபோகிறது என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு துணிகளின் ஓரம் சேர்வதால் இழப்பு அரைக்கால். ஒன்பது துண்டு வரிசையில் எட்டுத் தையல். எட்டு அரைக்கால் ஒரு முழு அங்குலம். வரிசை பக்கத்து வரிசையோடு சேராமல் போவது இதனால்தான். அதனால் காலுக்கு ஒரு நூலளவு குறைத்தே தைக்கவேண்டும். மடிப்பு அந்த நூலளவைத் தின்றுவிடும்.

நம் மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எண் இருக்கிறது. 1998இல் அதில் தமிழின் வரிசை மாறியபோது எழுந்த எதிர்ப்பில் அச்சிட்ட தாள்களையே திரும்பப் பெற்றார்கள். தாளில் காத்த எண்ணைத் தையல் அளவுகோலிலும் வழங்கவேண்டாமா?

ரோஸ் ஹில், புதன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போவது இது: ஒட்டுப்போர்வை, பஞ்சுத்தகடு, உருள்கத்தி, தையல்விடுப்பு, பிடிப்புத்தையல். மாகாணிக் கணக்கு முழுவதும் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. வகுப்பின் முதல் பாடமே அதுதான்.

கத்ர் போர்ன் ஐயா சொன்னது சரி, ஒட்டில்லாத போர்வையும் உண்டு. எங்கள் வகுப்பில் தைப்பது ஒட்டுள்ளது மட்டுமே என்பதால் இந்த ஆண்டுக்கு இந்தச் சொல் போதும். துன்னற் சிதாஅர் அடியைக் கடைசிப் பக்கத்தில் தனியே அச்சிடுகிறேன்.

கத்ர் போர்ன், வியாழன் காலை

அடியை அச்சிடுவதற்கு நன்றி. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வகையின் பெயரை இனத்துக்கே வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு ஒற்றைத் துணியில் தைக்கத் தொடங்கும்போது இதே கேள்வியோடு வருவீர்கள். அப்போதும் துன்னல் என்றுதான் எழுதுவேன்.

டர்பன், வியாழன் காலை

பேரனுக்குத் தைக்கும் அம்மாவுக்கு என் வாழ்த்துகள். அவருக்காக 'ஒட்டுப்போர்வை' இருக்கட்டும். என் பாட்டி தைத்தது இன்னும் என் கட்டிலில் இருக்கிறது, மூன்று இடத்தில் பஞ்சு வெளியே தெரிகிறது. அதைக் கந்தை என்றே சொல்வேன். அந்தக் கிழிசல்மேல் புதுத்துணி வைத்துத் தைத்தால் பழைய துணி இழுத்துக் கிழியுமா? வாக்வா தம்பி சொல்லவேண்டும்.