ஷோகில ராஜா தானா முன்னாடி வர்றது எப்படி சேஃப் ஆகுது? 2020 கிசெய் முதல் கேம் பத்தி ஒரு டவுட்டு

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். நான் சின்ன வயசுல இருந்து செஸ் ஆடுறவன், ஷோகி, அதாவது ஜப்பானிய செஸ் பக்கம் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. காய் மேல இருக்கற ஜப்பானிய எழுத்தைப் பார்த்து எது கோல்ட் எது சில்வர்னு தடுமாறாம சொல்லவே ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப பரவால்ல.

நேத்து நைட்டு 2020 கிசெய் டைட்டில் மேட்ச் முதல் கேமை ஒவ்வொரு மூவா தள்ளி பார்த்துட்டு இருந்தேன். ஜூன் 8, டோக்கியோல நடந்தது, வதனபே அகிராவும் ஃபுஜீ சோத்தாவும். ஃபுஜீக்கு அன்னைக்கு 17 வயசு 10 மாசம் 20 நாள், டைட்டில் மேட்ச்ல சேலஞ்சரா உக்காந்தவங்கள்லயே அவர்தான் சின்னவர், 1989ல யாஷிகி நொபுயுகி வச்சிருந்த ரெக்கார்டை வெறும் 4 நாள்ல முந்தினார். எதிர்ல இருந்த வதனபே கைல அப்போ மூணு டைட்டில்.

என் டவுட்டு கடைசி கட்டத்துல. வதனபே வரிசையா 16 செக் வைக்கிறார். ஒண்ணு ரெண்டு இல்ல, 16. ஃபுஜீ ஒவ்வொண்ணுக்கும் தப்பிச்சு தப்பிச்சு வர்றார், 157வது மூவோட கேம் முடியுது, ஜெயிச்சது ஃபுஜீ. அந்த 16 செக்கையும் நான் தள்ளும்போது எனக்கு கை வேர்த்துடுச்சு. ஷோகில எதிராளிகிட்ட வெட்டின காயை கைல வச்சிருந்து நம்ம காயா போர்டுல திரும்ப இறக்கலாம்ல, நானா இருந்தா அதுக்கு முன்னாடியே ஒரு மூவ் செலவு பண்ணி ராஜா பக்கத்துல ஒரு கோல்டை இறக்கி வச்சிருப்பேன். அவர் ஏன் அப்படி பண்ணல?

இன்னொண்ணு, சில ப்ரோ கேம்ல யாரும் செக் வைக்காமலே ராஜா கோட்டைய விட்டு மேல ஏறி எதிராளி காய்ங்க பக்கத்துலயே போய் நிக்குது. செஸ்ல எண்ட்கேம் வர்றதுக்கு முன்னாடி அப்படி பண்ணா அடி விழும். ஷோகில அது எப்படி சேஃப் ஆகுது? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1

நல்ல கேள்வி நண்பா, செஸ்ல இருந்து வர்ற எல்லாருக்கும் இந்த இடத்துல இடிக்கும். நான் ஏழெட்டு வருஷமா ஆடுறேன், எனக்கு புரிஞ்சத சொல்றேன்.

முதல்ல காய்ங்க எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. சிப்பாய் நேரா ஒரு கட்டம், லான்ஸ் நேரா மட்டும், நைட் செஸ் குதிரை மாதிரி எட்டு பக்கம் இல்லாம முன்னாடி ரெண்டே இடம். சில்வருக்கு முன்னாடி மூணு கட்டம் இருக்கு, பின்னாடி ரெண்டு மூலை மட்டும்தான். கோல்டுக்கு முன்னாடி மூணு, பக்கவாட்டுல ரெண்டு, பின்னாடி நேரா ஒண்ணே ஒண்ணு. அதாவது ஒரு பக்கத்துக்கு இருக்கற 20 காய்ல ராஜாவையும் ரூக்கையும் பிஷப்பையும் எடுத்துட்டா மிச்சம் 17ம் முன்பக்கம் பார்த்து அடிக்கறதுக்குன்னே இருக்கற காய். அப்போ உங்க ராஜா கடைசி வரிசைல உக்காந்திருந்தா மொத்த அடியும் தலை மேல விழும். அதே ராஜா மேல ஏறி எதிராளி காய்ங்களைத் தாண்டி போயிட்டா அந்த காய்ங்க திரும்பி வந்து அடிக்கறது ரொம்ப கஷ்டம். அதனாலதான் அங்க பழமொழியே இருக்கு, தாக்குறவனுக்கு "ராஜாவை கீழ் வரிசைக்கு தள்ளு", தடுக்குறவனுக்கு "நடு வரிசைல நிக்கற ராஜாவை பிடிக்கிறது கஷ்டம்". ரெண்டும் ஒரே விஷயத்தை ரெண்டு பக்கம் நின்னு சொல்றது.

எதிராளி வீட்டுக்குள்ளயே, அதாவது அவரோட கடைசி மூணு வரிசைக்குள்ள ராஜா புகுந்துட்டா அதுக்கு நியூக்யோக்குன்னு பேரு, அதுக்கப்புறம் மேட் பண்றது ரொம்ப ரொம்ப கஷ்டம். ரெண்டு ராஜாவும் இப்படி புகுந்துட்டா காயை எண்ணுவாங்க, ரூக் பிஷப் ஒவ்வொண்ணும் 5 பாயிண்ட், மத்ததெல்லாம் 1, மொத்தம் 54 பாயிண்ட். ப்ரோ ஆட்டத்துல ரெண்டு பேர்கிட்டயும் 24 இருந்தா டிரா, மறுபடி ஆடணும், அதுக்கு கீழ இருக்கறவர் தோத்தாரு.

இப்ப உங்க 16 செக்குக்கு வரேன். அந்த நேரத்துல வதனபே ராஜாவும் சாவு வாசல்ல நிக்குது. செக் இல்லாத ஒரு மூவ் அவர் ஆடினா அடுத்த மூவ்லயே ஃபுஜீ மேட் பண்ண ஆரம்பிச்சுடுவார். அதனால அவருக்கு ஒரே வழி செக், செக், செக். இன்னொரு பழமொழி இருக்கு, செக் வைக்கிறது ராஜாவை விரட்டி விடுறதுக்கு சமம்னு. செக்குக்கு பெரும்பாலும் கைல இருக்கற காயை இறக்கணும், அதை ராஜா சாப்பிட்டா அந்த காய் எதிராளி கைக்கு போயிடும், இப்படி ஒவ்வொரு அடியிலயும் உங்க பை காலியாகி அவர் பை ரொம்பும். 16 செக் முடிஞ்சப்போ மேட் இல்லைன்னு ஆச்சு, ஆட்டமும் முடிஞ்சது.

நீங்க சொன்ன மாதிரி ஃபுஜீ அதுக்கு முன்னாடி ஒரு கோல்டை கீழ இறக்கியிருந்தா அந்த ஒரு மூவ்ல வதனபேக்கு மூச்சு வந்திருக்கும், தாக்குதலுக்கு வேணும்னு வச்சிருந்த கோல்டும் கையை விட்டு போயிருக்கும். தன் ராஜா மேட் ஆகாதுன்னு கணக்கு போட்டுட்டுதான் அவர் எதிராளி ராஜா மேல போனார். ஃபுஜீ சின்ன வயசுல இருந்தே மேட் புதிர் போடுறதுல பேர் எடுத்தவர், ப்ரோ ஆகறதுக்கு முன்னாடியே ப்ரோக்களும் கலந்துக்கற புதிர் போட்டில ஜெயிச்சவர். அவருக்கு அந்த 16 செக் ஒரு பெரிய புதிரை எதிர் பக்கத்துல இருந்து போடுற மாதிரி.

ஒவ்வொரு செக்குலயும் நிறுத்தி, வேற கட்டத்துக்கு ராஜா ஓடியிருந்தா என்ன ஆகும்னு போர்டுல வச்சு பாருங்க. ஒரு தப்பு அடி வச்சாலும் எவ்ளோ சீக்கிரம் மேட் வருதுன்னு அப்பதான் தெரியும். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மொத்தமா போச்சு அதுல.

பதில் 2

மேல நண்பர் முதல் கேள்விக்கு தெளிவா சொல்லிட்டார், நான் ரெண்டாவது கேள்விக்கு சொல்றேன், ஏன்னா எனக்கு ரொம்ப பிடிச்ச ஆட்டக்காரர் அதுக்குதான் பேர் போனவர். கிமுரா கசுகி. செந்தகாயான்னு டோக்கியோல ஷோகி சங்க கட்டடம் இருக்கற ஏரியா, அவரை "செந்தகாயாவோட தடுப்பு வித்தகர்"னு கூப்பிடுவாங்க. ராஜாவையே காவல்காரனா வச்சு தடுக்கறதுக்கு அங்க ஒரு சொல் இருக்கு, அப்படியே தமிழ்ல சொன்னா "மூஞ்சியால தடுக்கறது". அடி வர்ற இடத்துக்கு மூஞ்சியை கொண்டு போய் நிறுத்தறது.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, ஷோகில தாக்குதலுக்கு ஒரு கணக்கு இருக்கு, நாலு காய் சேர்ந்து தாக்கினா அந்த தாக்குதல் நிக்காதுன்னு சொல்வாங்க. அப்படின்னா மூணா ஆக்கிட்டா நிறுத்த வாய்ப்பு இருக்கு. எதிராளி உங்க ராஜாவுக்கு ஒரு வரிசை முன்னாடி, பக்கவாட்டுல ரெண்டு கட்டம் தள்ளி ஒரு சில்வரை இறக்குறார்னு வச்சுக்கோங்க, அடுத்து அதுக்கு துணைக்கு ஒரு சிப்பாயோ நைட்டோ கொண்டு வரணும்னு ப்ளான். பயந்த ஆளு ராஜாவை பின்னாடி இழுப்பான், சில்வர் நிம்மதியா நின்னுக்கும், துணையும் வந்து சேரும். கிமுரா மாதிரி ஆளு ராஜாவை மூலைவாக்குல ஒரு கட்டம் மேல ஏத்தி, சில்வரால அடிக்க முடியாத அதோட பக்கவாட்டுல நிறுத்தி அந்த சில்வரைத் தொட்டுடுவார். இப்ப சில்வர் ஓடணும் இல்லாட்டி செத்து போய் கிமுரா கைக்கு வரணும், எதிராளிக்கு நாலு காய் மூணாயிடும். ராஜா சுத்தி எட்டு கட்டத்தையும் பிடிக்கற காய், கிட்டத்துல சண்டைன்னா அதை விட நல்ல காவல்காரன் போர்டுல கிடையாது. ஆனா ஒரு கட்டம் தப்பினா கேம் காலி, அதனாலதான் கணக்கு சரியா வர்றவங்க மட்டும் இதை பண்றாங்க.

கிமுராவைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். ப்ரோ ஆனதே 1997ல, 23 வயசுல. 2009 ஓயி டைட்டில் மேட்ச்ல ஃபுகாவ்ரா கோய்ச்சிக்கு எதிரா 3-0 முன்னாடி இருந்து நாலு கேம் வரிசையா தோத்தார், இன்னும் ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சா போதும்ங்கற இடத்துல இருந்து. ஆறு தடவை டைட்டில் மேட்ச் ஆடி ஆறும் தோல்வி. ஏழாவது தடவை 2019 ஓயி, எதிர்ல டோயோஷிமா மசயுகி, ஏழு கேமும் போய் 4-3ன்னு ஜெயிச்சார், அப்போ வயசு 46 வருஷம் 3 மாசம். முதல் டைட்டில் ஜெயிச்சவங்கள்லயே அதிக வயசு அவருக்குதான், அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டு 37 வயசு. முடிஞ்சதும் பேட்டில குடும்பத்தைப் பத்தி கேட்டாங்க, பேச முடியாம துண்டால கண்ணை மூடிக்கிட்டார். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு தொண்டை அடைக்குது. அடுத்த வருஷமே ஃபுஜீ 4-0ன்னு அந்த டைட்டிலை எடுத்துட்டார், ஆனா 2019 யாராலயும் எடுக்க முடியாது.

கேள்வி கேட்டவர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாலு காய் மூணாகுற கணக்கு இதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லல, என் தோத்த கேம் ரெண்டு மூணை திறந்து பார்த்தேன், எல்லாத்துலயும் நான் பின்னாடியே ஓடி மூலைல மாட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன், இப்படி ராஜா தைரியமா ஏறி பெரிய ஆளுங்களே மாட்டினது உண்டா? ஜெயிச்ச கதை மட்டும் கேட்டா எங்க நிறுத்தணும்னு தெரியாதுல்ல.

பதில் 3

உண்டு, அதுவும் ஷோகி உலகத்துல யாரும் மறக்காத ஒண்ணு. 1948, மெய்ஜின் டைட்டிலுக்கு சேலஞ்சர் யாருன்னு முடிவு பண்ற மேட்ச், மூணாவது கேம், வாகயாமால இருக்கற கோயாசான் மலை மேல. மசுதா கோசோவும் ஓயாமா யசுஹாருவும், ரெண்டு பேரும் ஒரே குருவோட சிஷ்யங்க, மசுதா சீனியர். மசுதா கைல ஜெயிச்ச கேம். ஓயாமா ரூக்கை ப்ரமோட் பண்ணி ஒரு செக் வைக்கிறார், நடுவுல ஒரு நைட்டை இறக்கி மறைச்சா மசுதா ஜெயிச்சிருப்பார். அவர் மறைக்காம ராஜாவை மேல ஏத்தினார். அங்கதான் மேட் இருந்துச்சு, ஓயாமா பிஷப்பை வச்சதும் கேம் முடிஞ்சது. ராஜா ஏறினா தப்பிச்சிடும்னு கண்ணு சொல்லிடுச்சு, எண்ணிப் பார்க்காம கை போயிடுச்சு. "பிரமை கூடாது, நல்லா பாக்கணும்"னு மசுதா அங்கேயே தன்னைத் தானே சொல்லிக்கிட்டது இன்னைக்கும் ஜப்பான்ல ஷோகி ஆடுறவங்க வாயில வர்ற வாக்கியம். அதனால நடு வரிசை ராஜாவை பிடிக்கிறது கஷ்டம்ங்கற பழமொழியை நம்பி எண்ணாம விடாதீங்க, செக் வந்தா ஓடுறது, சாப்பிடுறது, நடுவுல மறைக்கறது மூணையும் பாருங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு, 2008 ர்யூஓ டைட்டில் மேட்ச். ஹாபு யோஷிஹாருவுக்கும் வதனபேக்கும், ஜெயிச்சவருக்கு வாழ்நாள் ர்யூஓ பட்டம் முதன்முதலா கிடைக்கும். ஹாபு 3-0. நாலாவது கேம்லயும் வதனபே முடிஞ்சார்ங்கற நிலமை, அப்பதான் தன் ராஜாவை பிடிக்கணும்னா ஹாபு கையில இருக்கற சிப்பாயை இறக்கி மேட் வைக்கணும், அது ரூல்படி தப்புன்னு அவர் கண்ணுல பட்டுது. புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன், கையில இருந்து சிப்பாயை இறக்கி நேரா மேட் பண்ணக் கூடாது, போர்டுல ஏற்கனவே இருக்கற சிப்பாயை தள்ளி மேட் பண்ணலாம், வேற எந்த காயை இறக்கியும் மேட் பண்ணலாம், சிப்பாயை இறக்கி சும்மா செக்கும் வைக்கலாம், அது ஒண்ணு மட்டும்தான் தடை. அந்த ஒரு தடையில ராஜா உயிர் பிழைச்சு, அந்த கேமை ஜெயிச்சு, அப்புறம் மூணையும் ஜெயிச்சு 4-3. டைட்டில் மேட்ச்ல மூணு தோத்து நாலு ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. கடைசி கேம் நடந்தது தெந்தோ ஊர்ல, ஷோகி காய் செதுக்கறதுக்கே பேர் போன ஊர். அதே வதனபேதான் 2020ல ஃபுஜீக்கு 16 செக் வச்சார்னு நினைச்சு அந்த கேமை திரும்ப பாருங்க, தப்பிக்கிறதும் துரத்துறதும் ரெண்டுமே தெரிஞ்ச மனுஷன்.

பதில் 4

செஸ் ஆளுன்னு சொன்னதால ஒண்ணு. 1991 டில்பர்க், நைஜல் ஷார்ட் யான் டிம்மன் கேம் பார்த்திருப்பீங்க, போர்டுல ராணியும் ரூக்கும் இருக்கும்போதே வெள்ளை ராஜா எச்2, ஜி3, எஃப்4, ஜி5ன்னு நடந்து போகும், 34 மூவ்ல டிம்மன் ரிசைன். அங்க கருப்பு காய்ங்க நகர வழியில்லாம கட்டுண்டு இருந்ததால ராஜா நடக்க முடிஞ்சுது. ஷோகில செத்த காய் திரும்ப இறங்குமே, எதிராளி கைல என்ன இருக்குன்னு பார்க்காம அந்த நடை நடக்கக் கூடாது. நான் ராஜாவை தொடறதுக்கு முன்னாடி அவர் கைல நைட் இருக்கா, கோல்ட் இருக்கான்னு வாய் விட்டு சொல்லிப் பார்ப்பேன்.

அப்புறம் எல்லா தைரியமும் மேல ஏறறது இல்ல. யோனேநாகா குனியோ, 49 வயசுல 1993ல நகாஹாராவை 4-0ன்னு ஜெயிச்சு முதல் தடவையா மெய்ஜின் ஆனவர், அவர் பேர்லயே ஒரு ராஜா மூவ் இருக்கு. சண்டை உச்சத்துல இருக்கும்போது யாரும் செக் வைக்காமலே ராஜாவை ஓரத்து வரிசைக்கு ஒரு கட்டம் நகர்த்திடுவார். பார்த்தா வீண் மூவ் மாதிரி இருக்கும். ஆனா அடுத்து வரப் போற செக் செக்காவே வராது, எதிராளி தாக்குதல் ஒரு மூவ் லேட் ஆகும். "முன்கூட்டி ஓடின ராஜாவுக்கு எட்டு மூவ் லாபம்"னு பழமொழி. எனக்கு கிமுரா பாணியை விட இதுதான் கத்துக்க லேசா இருந்துச்சு, ஆறு மாச ஆளுக்கு இதுல இருந்து ஆரம்பிக்க சொல்வேன்.

கேள்வி கேட்டவர்

இன்னைக்கு காலைல ஒரு கேம் ஆடினேன், சொல்லியே ஆகணும். எதிராளி சில்வரை இறக்கினார், வழக்கமா நான் பின்னாடி போற இடம். அவர் கையைப் பார்த்தேன், ரெண்டு சிப்பாய் ஒரு லான்ஸ், நைட்டும் இல்ல கோல்டும் இல்ல. ராஜாவை ஒரு கட்டம் மேல ஏத்தினேன், சில்வர் திரும்பி போயிடுச்சு. கடைசில நேரம் பத்தாம தோத்துட்டேன், ஆனா அந்த இடத்துல தோக்கல. ஃபுஜீ கேம்ல ஒவ்வொரு செக்குலயும் நிறுத்தி வேற கட்டம் வச்சு பார்க்கற வேலையை ஆரம்பிச்சிருக்கேன், நாலாவது செக் வரைக்கும் வந்திருக்கேன், அதுல ஒரு இடம் புரியல, படம் எடுத்து நாளைக்கு போடுறேன்.