மாருதி 800: ரன்னிங் போர்டிலும் பின்சக்கர வளைவிலும் துருப்பொத்தல். வீட்டிலேயே எதுவரை அடைக்கலாம்?

முத்துநகர்வாசி (தூத்துக்குடி):

வணக்கம். என்னிடம் 2009ஆம் ஆண்டில் பதிவான மாருதி 800 ஒன்று இருக்கிறது. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வீடு உப்பளங்களை ஒட்டி இருப்பதாலும், வண்டி ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் நிற்பதாலும், பாடித் தகடு மூன்று இடங்களில் இற்றுப்போயிருக்கிறது. இடப்பக்கப் பின்சக்கர வளைவில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தபோது, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தகடு பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டுநர் பக்கத்து ரன்னிங் போர்டின் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பாடிப் பகுதி) பின்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு செதில் செதிலாகப் பிரிந்து நிற்கிறது. பின்னிருக்கையின் கால்வைக்கும் இடத்தில் கால்மிதியைத் தூக்கினால் அடியிலுள்ள விரிப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அங்கே ஊசித்துளைகள் வழியாகத் தரை தெரிகிறது.

ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்று சொல்லி, வண்டியின் இன்றைய விலையில் பாதியைக் கேட்டார்கள். மற்றொரு பட்டறையிலோ ஒரே நாளில் பட்டி (பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். என்னிடம் ஆங்கிள் கிரைண்டரும் டிரில்லும் உண்டு, வெல்டிங் தெரியாது. படகு வேலைக்காக விற்கும் ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) அதை இறுகவைக்கும் ரெசினும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு நானே இந்தப் பொத்தல்களை அடைக்கலாமா, அடைக்கலாம் என்றால் எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைப்பட்டி (கோயம்புத்தூர்):

நண்பருக்கு வணக்கம். நான் டிங்கர் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் மூன்று பொத்தல்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரே நாள் பட்டியை மறந்துவிடுங்கள். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால்தான் மேலிருக்கும் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. நாம் வெளியே கொப்புளத்தைப் பார்க்கும் நேரத்தில் உட்புறம் ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கும். அந்தத் துருவின் மேலேயே பாலியெஸ்டர் பட்டியை அப்பினால், அது உட்புறத்திலிருந்து வரும் ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சித் தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஊர்க் காற்றில் அடுத்த ஐப்பசி மழைக்கே அது பெயர்ந்து வரும்.

ரன்னிங் போர்டில் நீங்கள் கை வைக்காதீர்கள். அம்பாசிடர் காலத்திலேயே தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத பாடி வந்துவிட்டது. மாருதி 800இலும் பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே வண்டி வளையாமல் பிடித்திருப்பவற்றில் முக்கியமானது இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்து பெட்டியாக அமைந்த அந்த ரன்னிங் போர்டுதான். ஜாக்கி வைக்கும் இடமும் அதன் விளிம்பில்தான் இருக்கிறது. அங்கே ஃபைபர் ஒட்டினால் பார்வைக்கு முழுமையாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு மோதல் நேர்ந்தால் எதையும் தாங்காது. அதை வெட்டி, 20 கேஜ் தகட்டில், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் கனத்தில், புதுத் துண்டு மடித்து வெல்டிங் செய்வதே முறை.

சக்கர வளைவை வீட்டிலேயே செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால். கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட தேய்க்கும் வட்டு) போட்டுப் பொத்தலைச் சுற்றிப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இற்றுப்போன ஓரத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி எடுங்கள். நாணய அளவுப் பொத்தல் உள்ளங்கை அளவுக்கு விரிந்தால் திகைக்க வேண்டாம், அதுதான் அதன் உண்மையான அளவு. பிறகு வெட்டிய ஓரத்தைச் சிறு சுத்தியலால் உட்பக்கம் இலேசாகத் தட்டிப் பள்ளமாக்கினால், மேலே ஒட்டும் அடுக்கு மட்டம் தாண்டி மேடாக நிற்காது. தேய்க்க முடியாத குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவலாம். டப்பாவில் சொல்லியிருக்கிற நேரம் கழித்து அதை நன்றாகக் கழுவி உலர்த்திவிட வேண்டும், ஏனெனில் அமிலம் மிச்சமிருந்தால் அதன் மேல் வைக்கும் பாலியெஸ்டர் சரியாக இறுகாது.

படகுக் கடை ரெசினைப் பற்றி இரண்டு செய்திகள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அது ஃபைபர் படகின் மேல் பிடிப்பதைப் போல இரும்பின் மேல் பிடிப்பதில்லை. ஆகவே கொஞ்சம் விலை கூடினாலும் எபாக்ஸி ரெசின் வாங்குங்கள். ஆனால் நார்கள் தாறுமாறாக ஒட்டப்பட்ட மேட்டை எபாக்ஸியோடு பயன்படுத்தாதீர்கள். அந்த நார்களைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விறைப்பாகவே நின்று வளைவுக்குள் படியாது. துணிபோல நெய்த கண்ணாடி இழையைக் கேட்டு வாங்கி, முடிந்தால் சக்கரத்தின் உட்புறத்திலிருந்து இரண்டு அடுக்கும், வெளியிலிருந்து ஓர் அடுக்கும் வையுங்கள்.

அப்படியும் பாலியெஸ்டர்தான் என்று முடிவு செய்தால் இதை மட்டும் மறக்க வேண்டாம்: கடைக்காரர் ரெசினோடு கோபால்ட் என்று ஒரு ஊதாநிறத் திரவமும், கேட்டலிஸ்ட் என்று நிறமற்ற ஒரு திரவமும் தருவார். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கிய பிறகே, நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

கொங்குக் காரோட்டி (ஈரோடு):

மேலே பெரியவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் தரைத்தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டதால் எழுதுகிறேன். சீட் பெல்ட் போல்ட்டுக்கும், இருக்கை பொருத்தும் இடத்துக்கும், அடியில் ஓடும் பெட்டி போன்ற குறுக்குச் சட்டத்துக்கும் எட்டத்தில், தட்டையான பகுதியில் மட்டும் ஊசித்துளைகள் இருந்தால், ஜி.ஐ. தகட்டை (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அளவாக வெட்டிப் பாலியூரித்தேன் சீலன்ட் தடவிப் பாப் ரிவெட் அடித்துவிடலாம். வெட்டிய ஓரத்துக்கும் ரிவெட் துளைகளுக்கும் முன்கூட்டியே பிரைமர் வைத்துவிட வேண்டும். துளையிடுவதற்கு முன் வண்டியின் அடியில் படுத்து, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியாக ஓடுகின்றன என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் துருப்பிடிக்காது என்று அலுமினியத் தகடு வைக்கச் சொல்வார்கள். உப்பு ஈரம் படும் இடத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வேகமாக அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். கடலோரத்தில் அந்த யோசனை வேண்டாம்.

வடமராட்சியான் (லண்டன்):

இங்கே குளிர்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவார்கள் என்பதால் பழைய வாகனங்களுக்கு இதே பிணிதான். ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. பரிசோதனையில் இதற்கென்று கைக்கொள்ளும் ஓர் அளவை உங்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் பாரம் தாங்கும் தகடு கடுமையாக இற்றிருந்தால் வாகனம் தேறாது. அங்கே ஃபைபர், பட்டி முதலியவற்றால் செய்த பழுதுபார்ப்பையும் ஏற்க மாட்டார்கள். ஒட்டுத் தகட்டைச் சுற்றிவர இடைவிடாமல் வெல்ட் பண்ணியிருக்க வேணும். தூத்துக்குடியில் இந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தரையிலே எந்தத் துளைக்கு ரிவெட் அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிக்க ஓர் அளவுநாடாவும் இந்த 30 சென்டிமீட்டரும் போதும்.

முத்துநகர்வாசி (தூத்துக்குடி):

மூவருக்கும் நன்றி. விரிப்பை முழுவதும் எடுத்துவிட்டு அளந்து பார்த்தேன். ஊசித்துளைகள் தட்டையான பகுதியில்தான் இருக்கின்றன. பெல்ட் போல்ட்டிலிருந்து இரண்டு சாண் தூரம் இருக்கிறது. ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது வேறொன்று தெரிந்தது. முன்பு வண்டியின் அடியில் அடித்திருந்த கறுப்புக் கோட்டிங் ரன்னிங் போர்டின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்பியால் குத்தியதும் ஒரு டம்ளர் அளவுக்குத் துருநீர் கொட்டியது. ரன்னிங் போர்டை வெல்டிங்குக்குக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். பட்டறையில் எதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்? சக்கர வளைவுக்குப் பட்டி முதலிலா, பிரைமர் முதலிலா?

பட்டறைப்பட்டி (கோயம்புத்தூர்):

கேஸ் வெல்டிங் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 0.7, 0.8 மில்லிமீட்டர் பாடித் தகடு அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். சாதாரண ஆர்க் வெல்டிங்கோ தகட்டை ஓட்டை போட்டுவிடும். 0.8 மில்லிமீட்டர் ஒயரில் சி.ஓ.2 வெல்டிங் (கரியமில வாயுவின் பாதுகாப்பில் ஒயரை உருக்கிச் செய்வது) வைத்திருக்கும் பட்டறையாகப் பார்த்து, ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கொரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு என்று சூடு ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ரன்னிங் போர்டை வெட்டும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்க வேண்டும், நடுவில் ஜாக்கியில் தொங்கக் கூடாது. வெட்டுவதற்கு முன்பும், பொட்டு வைத்த பின்பும், முழுதாக முடித்த பின்பும் கதவை மூடிப் பார்த்து, கதவுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் மாறாமல் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். பாடி தொய்ந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இடைவெளிதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது, இருக்கையையும் விரிப்பையும் வெளியே எடுப்பது, தரையில் ஒட்டியுள்ள தார் போன்ற ஒலித்தடுப்பு அட்டையை வெல்டிங் இடத்திலிருந்து சுரண்டுவது ஆகியவற்றை அவர்கள் செய்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த அட்டை உள்ளே புகைந்து தீப்பிடிப்பது வெளியே வெல்டிங் வைப்பவருக்குத் தெரியாது. மாற்றுத் துண்டு ஜி.ஐ. தகடாக இருந்தால் வெல்டிங் படும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் வரும்.

பட்டியா பிரைமரா என்பதில் பட்டறைக்குப் பட்டறை வழக்கம் மாறும். கடலோர வண்டிக்கு நான் எப்போதும் எபாக்ஸி பிரைமரைத்தான் முதலில் அடிப்பேன். வெறும் இரும்பின் மேல் ஓர் இரவுகூட உங்கள் ஊர்க் காற்றைப் படவிடக் கூடாது. பிரைமர் காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் ஹார்டனர் என்ற கணக்கில் கலந்து, 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் மெல்லிய அடுக்குகளாக இழுங்கள். பட்டியைத் தண்ணீர் படாமல் உலர்ந்த உப்புத்தாளால் மட்டுமே தேயுங்கள். அதன் மேல் மறுபடி பிரைமர் அடித்த பிறகுதான் தண்ணீர்த்தாள். கடைசிப் பெயின்ட் ஹார்டனர் கலக்கும் வகையாக இருந்தால் அதைப் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்குத் துணி முகமூடி எந்தப் பாதுகாப்பும் தராது.

வெல்டிங் முடிந்து வரும் ரன்னிங் போர்டின் உட்புறம் பிரைமர் எல்லாம் எரிந்து வெறும் இரும்பாக இருக்கும். நீண்ட குழாய் மூக்குள்ள கேவிட்டி வேக்ஸ் (பெட்டிப் பகுதிகளின் உட்புறத்தில் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு) வாங்கி, ரப்பர் மூடிகளைக் கழற்றி உள்ளே அடித்து, வடிகால் துளைகள் வழியாக அது சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டி நின்ற பிறகு அதே துளைகளை மீண்டும் கம்பியால் திறந்துவிடுங்கள். விரிப்பைத் திரும்பப் போடுவதற்கு முன் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பின்கண்ணாடி ரப்பரின் மேலும் கதவு ரப்பரின் மேலும் தனித்தனியாகத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். விரிப்பு நனைந்த அளவைப் பார்த்தால் வடிகால் அடைப்பு மட்டும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.