பழைய கிரயப் பத்திரத்தில் வரும் "அஷ்டபோகம்" எட்டா, ஒன்பதா?

கேள்வி:
எங்கள் குடும்பத்துப் புஞ்சை நிலத்துக்கு 1938இல் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தில், நான்கெல்லை விவரம் முடிந்ததும் "நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண அக்ஷீணி ஆகாமி சித்த சாத்தியமென்னும் அஷ்டபோகங்களும் உள்பட" என்று வருகிறது. பாஷாணம் என்றால் நஞ்சு என்றே அறிந்திருந்ததால், நிலத்தோடு சேர்த்து அதை ஏன் விற்றார்கள் என்று திகைத்தேன். கடைசி நான்கு சொற்களும் விளங்கவில்லை. மேலும், அஷ்டபோகம் என்றால் எட்டு வகை அனுபவ உரிமைகள்; எண்ணிப் பார்த்தால் எட்டுக்குப் பதில் ஒன்பது வருகிறது.

மறுமொழி 1:
வடமொழியில் பாஷாணம் என்பது கல். சித்த மருத்துவத்தில் கனிம நஞ்சுகளைப் பாஷாணம் என்று வழங்கியதால் நமக்கு நஞ்சு என்ற பொருளே முதலில் தோன்றுகிறது; பத்திரத்தில் அது நிலத்திலுள்ள கல்லையும் பாறையையும் மட்டுமே குறிக்கும். நிதி என்பது புதையல், நிக்ஷேபம் என்பது ஒருவர் வைத்துச் சென்ற வைப்பு. அக்ஷீணி குறையாமல் நிலைத்து வரும் பயன். ஆகாமி இனி வரவிருப்பது. சித்தம் ஏற்கெனவே கைகூடியிருக்கும் விளைவு. சாத்தியம் இனி உழைத்து உண்டாக்கிக்கொள்ளக் கூடியது. தரிசைத் திருத்திப் பயிரிடும் உரிமை இந்தக் கடைசிச் சொல்லில்தான் அடங்குகிறது என்பதால், இதையே இவற்றுள் மிக அழகான சொல்லாக நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
கூடுதலாக வந்த ஒன்பதாவது சொல் "தரு", அதாவது மரம், என்பது என் கருத்து. விஜயநகரச் செப்பேடுகளில் தானம் கொடுத்த ஊரை விவரிக்கும் வடமொழிச் சுலோகம், நிதி, நிக்ஷேபம், பாஷாணம், சித்தம், சாத்தியம், ஜலம், அக்ஷீணி, ஆகாமி என்ற எட்டையும் சொல்லி முடித்த பிறகே "ஸபூருஹம்", அதாவது மரங்களோடு கூடியது, என்று தனியாகச் சேர்க்கிறது. பின்னால் பத்திரம் எழுதியவர்கள் மரத்தையும் வரிசைக்குள் கொண்டுவந்துவிட்டு, அஷ்டபோகம் என்ற பெயரை மாற்றாமல் விட்டிருக்க வேண்டும்.

மறுமொழி 3:
இந்தத் தொடரை வைத்துப் புதையலுக்கு உரிமை கோர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உங்கள் பத்திரம் எழுதப்பட்டபோதே அச்சட்டம் நடைமுறையில் இருந்தது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பத்திரத்தில் நிலத்தின் மேற்குப் பகுதி தரிசு என்றே குறிக்கப்பட்டுள்ளது. என் தாத்தா பிற்பாடு அங்கே கிணறு வெட்டி நிலக்கடலை பயிரிட்டார். அவர் வாங்கிய "சாத்தியம்" அதுதான் என்று இன்று புரிந்துகொண்டேன்.