15 வயது ஐஸ் ஹொக்கி அணி: லோட் கணக்கு இறங்குது, பெடியள் களைக்கிறாங்கள். எங்க பிழை?

ரிங்க்_கோச் (ஸ்காபரோ):
எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச 15 வயதுக்குக் கீழான ஒரு ஏஏ (போட்டித் தர) ஐஸ் ஹொக்கி அணிக்கு உதவிக் கோச்சா நிக்கிறன். லோட் (உடம்பில விழுற பயிற்சிச் சுமை) கணக்கு என்ர பொறுப்பு. பயிற்சியோ மேட்சோ முடிய, "எவ்வளவு கஷ்டமா இருந்தது?" எண்டு கேட்டு 0 முதல் 10 வரை ஒரு எண் எடுத்து, அதை நிமிடத்தால பெருக்கி ஷீட்டில போடுறன்.

தை மாதத்தில இருந்து பயிற்சியைக் குறைச்சிருக்கிறம். ஷீட்டிலயும் கிழமை லோட் இறங்கித்தான் இருக்கு. ஆனா மேட்சில மூண்டாம், கடைசிப் பீரியட் வந்தா கால் ஓடுதில்லை. முக்கியமா ஒரு டிஃபென்ஸ் பெடியன், 14 வயசு. ஷிப்ட் (ஒரு தரம் ஐஸில இறங்கி ஆடுற நேரம்) முடிஞ்சு பெஞ்சுக்கு வந்தா ஸ்டிக்கை முழங்காலுக்குக் குறுக்கால வச்சுக் குனிஞ்சபடியே நிக்கிறான். பக்கத்தில இருக்கிறவன் தண்ணிப் போத்தலை நீட்டினாலும் நிமிருறான் இல்லை. 30-15 ஐஸ் டெஸ்டில (30 செக்கன் ஓட்டம், 15 செக்கன் ஓய்வு, கட்டத்துக்குக் கட்டம் வேகம் கூடும்) மார்கழியை விட ரெண்டு கட்டம் முன்னமே நிண்டிட்டான்.

வோட்ச் கட்டிப் பார்த்தன். தூரம் நம்பவே ஏலாத எண்ணா வருது. பல்ஸ் ஷிப்டின்ர நடுவில 95 காட்டுது. நல்ல சென்சார் வாங்கப் பெற்றோரிட்டைக் காசு கேட்கலாமோ?

பனித்தடம் (ஒட்டாவா, உடற்பயிற்சிக் கோச்):
காசு கேட்காதைங்கோ, தம்பி. ரிங்குக்குள்ள சட்டலைட் சிக்னல் ஒழுங்கா வராது, அதால ஜிபிஎஸ் தூரத்தை விட்டிடுங்கோ. பெரிய அணியள் அரங்குக்குள்ளயே அன்டெனா பூட்டி அளக்கினம், அல்லது அசைவை அளக்கிற சென்சாரை உடம்பில கட்டினம். மணிக்கட்டு பல்ஸும் ஹொக்கிக்குச் சரிவராது. குளிர், கிளவுஸ், ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கிற பிடி, எல்லாம் சேர்ந்து அதைக் குழப்பும். பல்ஸ் வேணுமெண்டா நெஞ்சு ஸ்ட்ராப், பட்டியை நல்லா நனைச்சு, ஷோல்டர் பாட்ஸுக்குக் கீழ.

அதையும் கவனமாத்தான் வாசிக்கோணும். ஒரு ஷிப்ட் முக்கால் நிமிடம். பல்ஸ் ஏறி முடியிறதுக்குள்ள அவன் பெஞ்சில இருப்பான், அங்க இருந்தும் அது மெல்லத்தான் இறங்கும். சராசரியைப் பார்த்தா கால் செய்த வேலை தெரியாது. உங்கட 0–10 கேள்வி இதைவிட நல்ல கருவி. எப்ப, எங்க வச்சுக் கேட்கிறீங்கள்?

ரிங்க்_கோச்:
ட்ரெசிங் ரூமில, முடிஞ்ச கையோட, எல்லாரையும் சுத்திக் கேட்பன். மேட்ச் எண்டா எல்லாருக்கும் 80 நிமிடம் போடுறன்.

பனித்தடம்:
அப்ப முதலாவது "6" எண்டு சொன்னவன்ர எண்தான் முழு அணிக்கும். 14 வயசில கூட்டாளிக்கு முன்னால "9, செத்துப்போனன்" எண்டு எவனும் சொல்லமாட்டான். அரை மணித்தியாலம் விட்டு, ஒவ்வொருத்தனும் தனித்தனியா, ஃபோனில அனுப்பட்டும். கார்ல் ஃபொஸ்டர் எண்ட விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் இந்த முறையை உருவாக்கினதே அப்பிடித்தான்; உடனே கேட்டா கடைசி ஸ்பிரிண்ட்தான் பதிலில நிக்கும்.

80 நிமிடம் பரவாயில்லை, எப்பவும் ஒரே மாதிரிப் போட்டாச் சரி. முதல் ஜோடி டிஃபென்ஸ் 8 சொல்லுவான், குறைய இறங்கிற மூண்டாம் லைன் பெடியன் 5 சொல்லுவான், வித்தியாசம் அதிலயே வந்திடும். கோலியை (கோல் காக்கிறவனை) மட்டும் மற்ற ஆக்களோட ஒப்பிடாதைங்கோ.

கவி_இயன்மருத்துவம் (மார்க்கம்):
அண்ணா, அந்தப் பிள்ளை உங்கட ஐஸுக்கு வெளியில என்ன செய்யிறான்? என்ர கிளினிக்குக்கு வாற ஹொக்கிப் பிள்ளையள்ள முக்கால்வாசிப் பேருக்கு விடை அங்கதான் இருக்கு. அணி பயிற்சியைக் குறைச்சா, அந்த மணித்தியாலத்துக்கு அம்மா அப்பா ஒரு தனி வகுப்பு எடுத்து வச்சிருப்பினம். தாய் தகப்பனில பிழை சொல்லேல்லை, பிள்ளை பின்தங்கிடுவானோ எண்ட பயம்தான்.

ரெண்டாவது, உயரம். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா அளவுங்கோ. திடீரெண்டு வளருற காலத்தில ஸ்கேட்டிங் கொஞ்சம் குழம்புறது வழமை, முழங்காலும் குதிக்காலும் நோகத் தொடங்கும்.

மூண்டாவது, கவட்டுத் தசை. 2001 இல என்எச்எல் (வட அமெரிக்காவின்ர பெரிய தொழில்முறை ஹொக்கி லீக்) வீரர்களில செய்த ஒரு ஆய்வில, தொடையை உள்ளுக்கு இழுக்கிற பலம் வெளியில தள்ளுற பலத்தின்ர 80 வீதத்துக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு அந்தத் தசை இழுபடுற ஆபத்து 17 மடங்கு. அவை வளர்ந்த ஆக்கள், எண்ணை அப்பிடியே சின்னப் பிள்ளைக்குப் போட ஏலாது. ஆனா கிழமைக்கு ஒருக்கா முழங்காலுக்கு இடையில பந்தை வச்சு நசுக்கச் சொல்லி, நோகுதோ எண்டு கேளுங்கோ. ஏதும் பிழை எண்டா அந்த இடம் நேரத்தோட காட்டிக் குடுக்கலாம்.

கொங்கு_ஸ்போர்ட்ஸ் (கோவை):
சார், நான் விளையாட்டு அறிவியல் படிக்கிறேன். இந்த வார லோடை நாலு வார சராசரியால வகுத்து, 0.8 முதல் 1.3-க்குள்ள வச்சா பாதுகாப்புன்னு டிம் காபெட்ங்கிற ஆய்வாளர் சொல்றார். 1.5 தாண்டினா ஆபத்து. அதைப் போட்டுப் பாக்கலாமே?

பனித்தடம்:
பார்க்கலாம் தம்பி, ஆனா அதை வச்சு ஒரு பிள்ளையை இறக்கவோ நிப்பாட்டவோ வேண்டாம். இந்தக் கிழமை அந்த நாலு கிழமைக்குள்ளயும் இருக்கிறதால எண் தன்னைத்தானே இழுக்கும், இம்பெல்லிசெரி போன்ற ஆய்வாளர்கள் இதைக் கடுமையா விமர்சிச்சிருக்கினம். இஞ்ச உள்ள பிரச்சினை இன்னும் அடிப்படை. பாதி லோட் ஷீட்டிலயே இல்லாட்டி எந்த விகிதமும் உதவாது.

ரிங்க்_கோச்:
தாயோட கதைச்சன். கவி சொன்னது சரி. திங்கள் தனி ஸ்கேட்டிங் 50 நிமிடம், புதன் ஜிம் 60, வெள்ளி பள்ளிக்கூட பாஸ்கட்போல் 90. பெடியனை வச்சே எண்களை எடுத்தன்: திங்கள் 350, செவ்வாய் 300, புதன் 360, வியாழன் 360, வெள்ளி 450, சனி மேட்ச் 560, ஞாயிறு மேட்ச் 640. மொத்தம் 3020. என்ர ஷீட்டில இருந்தது 1860.

பனித்தடம்:
மொத்தத்தை விட்டிட்டு நாளை நாளாப் பாருங்கோ. ஃபொஸ்டர் இன்னொரு கணக்கும் சொன்னவர்: நாளாந்த லோடின்ர சராசரியை அதின்ர நியம விலகலால (நாளுக்கு நாள் எவ்வளவு மாறுது எண்ட அளவால) வகுக்கிறது. விடை கூடினா எல்லா நாளும் ஒரே மாதிரி எண்டு அர்த்தம். உங்கட ஷீட்டின்ர படி திங்கள், புதன், வெள்ளி பூச்சியம், விடை 1 ஐ ஒட்டி வருது. உண்மையான கிழமைக்கு 3.4. 2 ஐத் தாண்டினாலே நான் கோச்சோட கதைப்பன். லேசான நாள் எண்டு ஒண்டு இந்தப் பிள்ளைக்கு இல்லை.

சாணைக்கல் (மிஸிஸாகா):
நான் ரெண்டு பெடியளின்ர தகப்பன், ஸ்கேட் தீட்டுறனான். அந்த 30-15 டெஸ்ட் எப்ப வச்சனீங்கள்? மார்கழியில சம்போனி (ஐஸை மட்டமாக்கிற வண்டி) ஓடின கையோடயும் இப்ப பயிற்சி முடிவிலயும் எண்டா ஐஸே வேற. வெட்டுண்டு பனித்தூள் நிறைஞ்ச ஐஸில எந்தப் பிள்ளையும் முன்னமே நிப்பான். பிளேட்டில ஹொலோ (அடியில தீட்டி எடுக்கிற குழி) ஆழமா எடுத்திருந்தாலும் கடிக்கும், வழுக்காது.

ரிங்க்_கோச்:
இப்ப வச்சது பயிற்சி முடிவிலதான், அண்ணா. மார்கழியில தொடக்கத்தில.

பனித்தடம்:
அப்ப அந்த ரெண்டு கட்டத்தில எவ்வளவு களைப்பு, எவ்வளவு ஐஸ் எண்டு பிரிக்க ஏலாது. அதைத் தள்ளி வையுங்கோ. ஒவ்வொரு செவ்வாயும் வோர்ம்-அப் முடிய, சப்பாத்தோட, சுவரில சோக் பூசின விரலால மூண்டு தரம் எம்பித் தொடட்டும், கூடினதை எழுதுங்கோ. அவனை அவனோடயே ஒப்பிடுங்கோ.

கவி_இயன்மருத்துவம்:
மேட்சில இருந்து நிப்பாட்டாதைங்கோ, மனம் உடைஞ்சிடும். திங்களை எடுத்துவிடுங்கோ, புதனைப் பாதியாக்குங்கோ. நித்திரையையும் காலமைச் சாப்பாட்டையும் கேளுங்கோ. ரெண்டு மூண்டு கிழமையில மாற்றம் இல்லாட்டி குடும்ப டொக்டரிட்டைக் காட்டி இரும்புச்சத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. நெஞ்சு நோவு, தலைச்சுத்து ஏதும் சொன்னா இதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அண்டைக்கே காட்டோணும்.

ரிங்க்_கோச்:
நன்றி. திங்கள் வகுப்பை நிப்பாட்டத் தாய் ஓம் எண்டிட்டா. மற்றப் பெற்றோருக்கும் "ஹொக்கிக்கு வெளியில என்ன செய்யினம்?" எண்டு படிவம் அனுப்பியிருக்கிறன். முதல் வந்த பதிலிலயே இன்னொரு பெடியன் கிழமைக்கு மூண்டு நாள் நீச்சல் எண்டு இருக்கு. அவன்ர எண்களை ஞாயிறு இரவு போடுறன், பார்த்துச் சொல்லுங்கோ.