புதுப்பிப்பு: விஸ்ட்மன்ஸ் வுட் போய் வந்தோம்
இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இருக்கும் இந்தக் குட்டை ஓக் மரக் காட்டுக்கு எங்கிருந்து நடப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடக்கச் சொன்ன யோசனைதான் சரியாக வந்தது. நிறுத்துமிடம் சின்னது, காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து வெஸ்ட் டார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கே சுமார் 2 கிலோமீட்டர்.

எதிர்பாராதது ஒன்று: காட்டுக்குள் நுழையாமல் ஓரமாகவே நடக்கச் சொல்கிறார்கள். பாறைகளை மூடிய பாசி மிதிபட்டு அழிகிறதாம். நியாயம்தான். ஓரத்தில் நின்றாலே முறுக்கிய கிளைகளும் அவற்றின் மேலேயே முளைத்த பெரணிகளும் நன்றாகத் தெரிகின்றன. படமெடுக்க அதுவே போதும்.

அப்புறம், திரும்பும்போது லாங்கஃபோர்ட் டோர் என்ற பாறைக் குன்றின் மேலேறி முகட்டு வழியே இறங்கினோம். காற்று பலமாக இருந்தது, ஆனால் காட்சி அருமை. சில இடங்களில் சேறு. நல்ல பூட்ஸ் அவசியம்.