தோட்டத்து ஷெட்டுக்கு கான்கிரீட் தளம்: ஒரு மூலை மட்டும் பயமுறுத்துகிறது

வணக்கம். தோட்டத்தில் மண்வெட்டி, குழாய் எல்லாம் போட்டு வைக்க 8 அடிக்கு 6 அடியில் ஒரு சின்ன ஷெட் வைக்கப் போகிறேன். தளத்தை நானே போட ஆசை. கயிறு கட்டியாயிற்று, இரண்டு மூலைவிட்டமும் சரியாக 10 அடி வந்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது!

8 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் ஜல்லி போட்டு இடித்து, மேலே பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட் என்பது திட்டம். 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி), கணக்குப்படி 3 மூட்டை சிமெண்ட்.

சிக்கல் இதுதான். ஒரு மூலையில் முன்பு மரம் இருந்தது. வேரோடு பிடுங்கி மண் போட்டு மூடினோம். மற்ற இடமெல்லாம் கெட்டி மண், அங்கே மட்டும் குத்திப் பார்த்தால் கம்பி 2 அடி இறங்குகிறது. அது உட்கார்ந்தால் தளம் விரிசல் விடும் அல்லவா? அந்த மண்ணை முழுக்க எடுத்துவிட்டு ஜல்லியை அடுக்கடுக்காக இடித்து நிரப்பினால் போதுமா, அல்லது கம்பி வலையும் வேண்டுமா? வலை என்றால் தளத்தில் எந்த உயரத்தில் வர வேண்டும்?

அப்புறம், கலவை கையால்தான். உதவிக்குத் தம்பி மட்டும். பாதி போட்டுச் சாப்பிடப் போனால், இறுகிய கான்கிரீட்டும் புதிதாகப் போடுவதும் ஒட்டாமல் நடுவே இணைப்புக் கோடு விழும் என்கிறார்கள். இருவரால் ஒரே மூச்சில் முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.